மண்குடம் பொன்குடமாகும் இடம்

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிற பழமொழிதான். கொஞ்சம் நின்று பார்த்தால் அதற்குள் ஒரு முழு வழக்கே இருக்கிறது. இரண்டு முறையும் உடைந்தது குடம். உடைத்தவர்கள் வேறு வேறு ஆட்கள். தீர்ப்புச் சொல்பவர் ஒருவர்தான், அவரே வாதியும். ஆனால் "நான் உடைத்தால் தப்பில்லை, நீ உடைத்தால் தப்பு" என்று மாமியார் ஒருபோதும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அநியாயம் பளிச்சென்று வெளியே தெரிந்துவிடும். அவர் குடத்தின் பெயரை மாற்றுகிறார். மண் என்றால் போகட்டும், பொன் என்றால் கேட்காமல் விடலாமா? விலை உயர்ந்த பொருளை உடைத்தால் கண்டிக்க வேண்டும் என்ற விதியில் யாரும் குறை காண முடியாது. விதி அப்படியே இருக்கிறது, பொருள்தான் மாறிவிட்டது.

இன்று பத்திரிகைகளில் 'இரட்டை அளவுகோல்' என்று புழங்கும் சொல் குறிப்பது இதைத்தான். அதற்கு உறுப்புகள் நான்கு: செயல் ஒன்றாக இருக்க வேண்டும், அதை எடைபோடுகிறவர் ஒருவராக இருக்க வேண்டும், தீர்ப்பு இரண்டாக இருக்க வேண்டும், அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமைக்கு, செய்தவர் யார் என்பதைத் தவிர, செயலோடு ஒட்டிய காரணம் எதுவும் இருக்கக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் அது வேறு ஏதோ. தப்பாகவே இருக்கலாம், ஆனால் அதன் பெயர் இது இல்லை. மேடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இந்தக் குற்றச்சாட்டு பிசுபிசுத்துப் போவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றைச் சரிபார்க்காமல் வீசுவதால்தான்.

குழப்பத்துக்கு நம் சொற்களும் ஒரு காரணம். இரட்டை வேடம், இரட்டை நிலைப்பாடு, இரட்டை அளவுகோல் மூன்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட்டுவிடுகிறோம். மதுவிலக்கு பேசிவிட்டு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பவர் போடுவது வேடம். சொல்லும் செயலும் வேறு. அது அவருக்கே தெரியும், ஆகவே மறைக்கிறார். ஒரே மசோதாவை டெல்லியில் ஆதரித்துச் சென்னையில் எதிர்த்துப் பேசுவது இரட்டை நிலைப்பாடு. அங்கே கேட்பவர் மாறும்போது பேச்சு மாறுகிறது. எங்கள் கட்சியிலிருந்து ஒருவர் போனால் துரோகம், எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் வந்தால் மனமாற்றம் என்பது இரட்டை அளவுகோல். இதை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. ஒலிபெருக்கி வைத்தே சொல்லலாம். வேடக்காரரைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியும். அளவுகோல்காரரை அப்படிப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அவர் மனதார நம்பித்தான் அளக்கிறார்.

பேச்சுத்தமிழ் இந்த விஷயத்தில் எழுத்துத்தமிழைவிடக் கூர்மை. "உனக்கு வந்தா ரத்தம், எனக்கு வந்தா தக்காளிச் சட்னியா?" என்று ஊரெல்லாம் கேட்கிற கேள்வியில், பெயர் மாற்றும் அந்தத் தந்திரம் அப்படியே பிடிபட்டிருக்கிறது. மண்ணுக்கும் பொன்னுக்கும் இடையில் நடந்ததுதான் ரத்தத்துக்கும் சட்னிக்கும் இடையிலும் நடக்கிறது.

நம் வீட்டுப் பையன் செய்தால் குறும்பு, பக்கத்து வீட்டுப் பையன் செய்தால் பொறுக்கித்தனம். ஆண் அதிகாரி குரலை உயர்த்தினால் கண்டிப்பானவர், பெண் அதிகாரி உயர்த்தினால் சிடுமூஞ்சி. நாம் கேட்டால் சிபாரிசு, அடுத்தவர் கேட்டால் செல்வாக்கைக் காட்டுவது. இரட்டை அளவுகோலைத் தேட வேண்டிய முதல் இடம் இந்தப் பெயர்ச்சொற்கள்தான். விதிப்புத்தகம் அதற்குப் பிறகு.

பழைய தமிழில் இதற்கு 'ஓரம்' என்று ஒரு சொல் இருந்தது. வழக்கைக் கேட்டு ஒருபக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்வது ஓரம் சொல்லுதல். 'ஓரவஞ்சனை' என்று இன்றும் சொல்கிறோம், ஆனால் அது இப்போது பிள்ளைகளுக்குள் பாரபட்சம் காட்டுகிற தாயைக் குறிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆத்திசூடி 'அறம் செய விரும்பு' என்று தொடங்குவது எல்லோருக்கும் தெரியும். அது முடிகிற வரி 'ஓரம் சொல்லேல்' என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும், கடைசி வரிவரை யார் ஒப்பித்தோம்!

அளவுகோல் என்ற உருவகமும் நமக்கு இறக்குமதி இல்லை. சமன்செய்து சீர்தூக்கும் கோலைச் சான்றோருக்கு உவமை சொல்கிறது குறளின் நடுவுநிலைமை அதிகாரம். அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் வியாபாரியிடம் வருகிறது: பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, 'கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது' என்கிறது. வாங்கும்போது ஒரு கை, விற்கும்போது ஒரு கை என்று அளக்காதவர்கள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த பாராட்டு. பைக்குள் பெரியதும் சிறியதுமாக இரண்டு நிறைகற்கள் வைத்திருக்காதே என்ற எச்சரிக்கை விவிலியத்தின் உபாகமத்திலும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இரட்டை அளவுகோலை 'இரண்டு எடை, இரண்டு அளவை' என்றுதான் சொல்கிறார்கள்.

நெல் அளந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு நுணுக்கமும் தெரியும். ஏமாற்ற இரண்டு படி தேவையில்லை. ஒரே படியில், வாங்கும்போது குவித்து அளக்கலாம், கொடுக்கும்போது தலைதட்டி அளக்கலாம். கோபுரமாக நிற்கும் நெல்லுக்கும் விளிம்போடு வழித்த நெல்லுக்கும் உள்ள வித்தியாசம், பத்துப் பதினைந்து மரக்கால் அளந்து முடிக்கும்போது கணிசமாகிவிடும். படியைச் சோதித்தால் குற்றம் தெரியாது. கையைப் பார்க்க வேண்டும். சட்டத்திலும் சமூகத்திலும் நடப்பவை இந்த இரண்டு வகைதான்: படியே இரண்டாக இருப்பது ஒன்று, படி ஒன்றாக இருந்து கை இரண்டாக இருப்பது இன்னொன்று. முதல் வகையைத் திருத்துவது சுலபம், ஏனென்றால் அது எழுத்தில் இருக்கிறது.

எழுத்தில் இருந்த படிகள்

ஆங்கிலத்தில் 'டபுள் ஸ்டாண்டர்ட்' என்ற இந்தச் சொற்றொடர் 19ஆம் நூற்றாண்டில் நாணய விவாதத்திலும் புழங்கியது. பொன், வெள்ளி இரண்டையும் நாணயத்துக்கு அடிப்படையாக வைப்பதற்கு அந்தப் பெயர். பிரான்ஸ் 1803இல் பொன்னுக்கும் வெள்ளிக்கும் 1க்கு 15.5 என்று விகிதம் வைத்தது. அங்கே 'இரட்டை' என்பது வசவு இல்லை, ஒரு பொருளாதார ஏற்பாடு. பொன்னை மட்டும் அடிப்படையாக வைக்கும் முறை உலகெங்கும் பரவியதும் அந்தப் பொருள் மங்கியது. ஆணுக்கு ஓர் ஒழுக்கம், பெண்ணுக்கு ஓர் ஒழுக்கம் என்ற வழக்கத்தைச் சாடும் சொல்லாக அது நிலைத்தது.

அந்தச் சாடலுக்குப் பின்னணியில் இருந்தவை தொற்றுநோய்ச் சட்டங்கள் என்ற பெயரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் இயற்றிய மூன்று சட்டங்கள். படைமுகாம், துறைமுக ஊர்களில் பாலியல் நோய் பரவுவதைத் தடுப்பது நோக்கம். செயல்பட்ட விதம் இது: சாதாரண உடையில் சுற்றும் காவலர் ஒரு பெண்ணைப் பாலியல் தொழில் செய்பவர் என்று சந்தேகித்தால் போதும், அவர் கட்டாய உடல் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். நோய் இருந்தால் பூட்டிய மருத்துவமனையில் மாதக்கணக்கில் அடைப்பார்கள். மறுத்தால் சிறை. அவரிடம் போன படைவீரருக்கு எதுவும் இல்லை. படைவீரர்களுக்கு முன்பு இருந்த பரிசோதனை, அவர்களுடைய தன்மானத்தைப் புண்படுத்துகிறது என்று சொல்லி ஏற்கெனவே கைவிடப்பட்டிருந்தது.

இதை விசாரித்த அரச ஆணையம் 1871இல் தந்த விளக்கம் மாமியாரின் குடத்துக்கு அச்சான உதாரணம். இருவரையும் ஒப்பிடவே முடியாது என்றது. பெண் செய்வது ஆதாயத்துக்காகச் செய்யும் குற்றம். ஆண் செய்வது இயல்பான உந்துதலுக்கு முறைதவறி இடம்கொடுப்பது. நடந்தது ஒரே அறையில், ஒரே நேரத்தில். ஒருவருக்கு அது குற்றம், மற்றவருக்கு இயல்பு. நோய்க் கிருமிக்கு இந்த வேற்றுமை தெரியாது என்பதால் சட்டம் தன் நோக்கத்தையே தோற்கடித்துக்கொண்டிருந்தது. ஜோசஃபைன் பட்லர் தலைமையில் 1869இல் தொடங்கிய எதிர்ப்பு இயக்கம் பதினேழு ஆண்டு போராடி 1886இல் சட்டங்களை நீக்கவைத்தது. இந்தியாவுக்கென்று 1868இல் இயற்றிய இதே வகைச் சட்டம் 1888இல் போனது.

தமிழில் இதையே பாரதி கும்மிப் பாட்டில் இரண்டு அடியில் முடித்தார்: 'கற்பு நிலையென்று சொல்ல வந்தார், இரு கட்சிக்கும் அஃது பொதுவில் வைப்போம்.' கற்பு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, பொதுவில் வை என்கிறார். அதில் உள்ள 'கட்சி' என்ற சொல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வழக்கில் இரு கட்சி உண்டு. இதுவரை ஒரு கட்சியை மட்டும் கூண்டில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று அது சொல்லாமல் சொல்கிறது.

மணமுறிவுச் சட்டத்திலும் இதே கதை. இங்கிலாந்தின் 1857 சட்டத்தில், மனைவி பிறரோடு உறவு கொண்டார் என்று மட்டும் காட்டினால் கணவருக்கு மணமுறிவு கிடைக்கும். மனைவி கேட்டால் அது போதாது. கணவரின் உறவோடு கொடுமை, இரண்டாண்டு கைவிடல், இருதார மணம் என்று இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். அங்கே 1923இல் சமப்படுத்திவிட்டார்கள். அதே அச்சில் வார்த்து இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்று 1869இல் கொண்டுவந்த சட்டமோ 2001இல்தான் திருத்தப்பட்டது. வார்த்தவர்கள் உடைத்த பிறகும் 78 ஆண்டு நாம் அந்த அச்சை வைத்திருந்தோம்.

இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 497ஆவது பிரிவு இன்னும் விசித்திரம். பிறர் மனைவியோடு, அந்தக் கணவரின் சம்மதமில்லாமல் உறவு கொண்ட ஆணுக்கு 5 ஆண்டு வரை சிறை. அந்தப் பெண்ணுக்குத் தண்டனை இல்லை, உடந்தை என்றுகூட. "ஆணுக்கு மட்டும் தண்டனையா, இது இரட்டை அளவுகோல்" என்றார்கள் ஆண்கள். மறுபக்கம் பாருங்கள்: கணவர் மணமாகாத பெண்ணோடு போனால் குற்றமே இல்லை. கணவர் இன்னொருவர் மனைவியோடு போனாலும் இவருடைய மனைவிக்குப் புகார் கொடுக்கும் உரிமை இல்லை. கணவர் சம்மதித்தால் குற்றமே எழாது. அப்படியென்றால் சட்டம் காத்தது கணவரின் சொத்தை. பெண் அதில் திருடுபோன பொருள். பொருளைத் தண்டிப்பார்களா? ஆக, பெண்ணுக்குக் காட்டிய சலுகைபோல் தெரிந்தது அவரை ஆளாகவே கணக்கில் எடுக்காததன் விளைவு. 1985இல் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் இந்தப் பிரிவு செல்லும் என்றார். 2018 செப்டம்பர் 27 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லாது என்றது. அந்த ஐவரில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். இரட்டை அளவுகோல் யாருக்குச் சாதகம் என்று முதல் பார்வையில் முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இரண்டு பணிவிதிகள்

சி.பி. முத்தம்மா இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியின் 1961ஆம் ஆண்டு விதிகளில், பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்தது. திருமணத்துக்குப் பிறகும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு உயர்வைக் கொடுத்துவிட்டது, விதிகளையும் நீக்குவதாகச் சொன்னது. 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் மனுவை முடித்துவைத்தாலும் விதியைச் சும்மா விடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்குக் குறுக்கே வருமென்றால், ஆணுக்கும் அதே நிலைமை வரலாமே என்று கேட்டார். இந்த ஒரு கேள்விதான் இரட்டை அளவுகோலைச் சோதிக்கும் உரைகல்: வாக்கியத்தில் ஆளை மாற்றிப் போட்டுப் படி, காரணம் அப்போதும் நிற்கிறதா பார்.

இரண்டே ஆண்டில் அதே நீதிமன்றத்தின் முன் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கு வந்தது. பணிப்பெண் 35 வயதானால் ஓய்வு பெற வேண்டும். அல்லது பணியில் சேர்ந்து 4 ஆண்டுக்குள் திருமணமானால். அல்லது முதல் கர்ப்பத்தில். இதில் எது முன்னால் வருகிறதோ அது. நிர்வாக இயக்குநர் மனது வைத்தால் ஆண்டு ஆண்டாக 45 வயது வரை நீட்டிக்கலாம். அதே விமானத்தில் வேலை பார்த்த ஆண் பணியாளருக்கு (பர்சர்) ஓய்வு வயது 58. ஆளை மாற்றிப் போட்டுப் பார்த்தால் விதி ஒரு நிமிடம் நிற்காது. ஆனால் 1981 தீர்ப்பு பாதிக் கிணறுதான் தாண்டியது. கர்ப்ப விதியையும் இயக்குநரின் தன்னிச்சை அதிகாரத்தையும் ரத்து செய்தது. 4 ஆண்டுத் திருமணத் தடையை ஏற்றுக்கொண்டது. ஓய்வு வயது வேற்றுமைக்கு அது சொன்ன காரணம், இரண்டும் வெவ்வேறு பதவி வரிசை, தேர்வு முறையும் உயர்வு வழியும் வேறு, ஆகவே ஒப்பிட முடியாது என்பது.

இங்கேதான் குடத்தின் பெயர் மாறியது. பெண்களுக்கென்று தனிப் பதவிப் பெயர் வைத்தது நிறுவனம். அந்தப் பெயரையே காட்டி வேற்றுமைக்கு நியாயம் சொல்கிறது. ஒரே வேலையை இரண்டு பெயரில் பிரித்துவிட்டால் 'செயல் ஒன்று' என்ற முதல் உறுப்பே காணாமல் போய்விடும். இரட்டை அளவுகோலை வாதாடுகிறவர்கள் முதலில் தோற்பது இந்த இடத்தில்தான். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர், தினக்கூலி, மதிப்பூதியம் என்று பெயர்கள் பெருகிய அலுவலகங்களில் இன்றும் இதே உத்தி நடக்கிறது. பெயரை விட்டுவிட்டு, காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை இருவரும் கையால் என்ன செய்கிறார்கள் என்று பட்டியல் எடுத்துக்கொண்டு போனால்தான் வாதம் நிற்கும்.

கை இரண்டானால்

எழுத்தில் விதி ஒன்றாகவே இருந்து, நடைமுறையில் குவித்தும் தலைதட்டியும் அளப்பதைக் கண்டுபிடிக்க வேறு வழி வேண்டும். தனி ஒரு நிகழ்வை வைத்து நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஏதாவது காரணம் சொல்லிவிடுவார்கள். ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரே தகுதி, ஒரே அனுபவம் கொண்ட வேலை விண்ணப்பங்களைத் தயாரித்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது. அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 விண்ணப்பங்கள் அனுப்பிச் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுக்குக் கறுப்பர் பெயர் தாங்கியவற்றைவிட 50 விழுக்காடு அதிகமாக அழைப்பு வந்தது. இந்தியாவில் சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களை வைத்து இதையே செய்து, தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவதைக் காட்டியது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டாமல் முன்னால் இனிஷியல் போடுவதால் இந்தச் சோதனையை அப்படியே செய்ய முடியாது. அதற்காக இங்கே கை நேராக அளக்கிறது என்று அர்த்தமில்லை. "எந்த ஊரு? அதுல எந்தத் தெரு?" என்று கேட்பவருக்கு வேண்டியது முகவரி இல்லை.

கையைத் திருத்த உபதேசம் உதவாது. அளப்பவரின் கண்ணைக் கட்ட வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுத்தாளில் பதிவு எண்ணை மறைத்து டம்மி நம்பர் போடுவது அதற்குத்தான். திருத்துகிறவருக்குத் தாள் யாருடையது என்று தெரியாதபோது ஆளைப் பார்த்து மதிப்பெண் போட வழியில்லை. அதே துறையில் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணிலும் நேர்முகத்திலும் புகார் தொடர்கிறது, ஏனென்றால் அங்கே முகம் தெரிகிறது. முகத்தை மறைக்க முடியாத இடத்தில் செய்யக்கூடியது ஒன்று: கேள்விகளையும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்பதையும் ஆள் உள்ளே வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுவது. ஆள் வந்த பிறகு எழுதினால் அளவுகோல் அவர் உயரத்துக்குத் தகுந்தாற்போல் வளரும் அல்லது குறையும்.

இனி, குற்றச்சாட்டு தவறாகப் போகும் இடங்கள். "அவர்கள் செய்தபோது எங்கே போனீர்கள்?" என்பது நம் அரசியல் பேச்சில் தேய்ந்துபோன கேள்வி. கேட்கப்பட்டவர் அப்போதும் கண்டித்திருக்கலாம், அல்லது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருக்கலாம். அப்போது மௌனமாக இருந்தவரும் இப்போது பேசுகிறவரும் வேறு ஆட்கள் என்றால் இரண்டாவது உறுப்பு விழுந்துவிட்டது. ஒருவரே என்றாலும், அவர் ஓரவஞ்சனைக்காரர் என்பது நிரூபணமாகுமே தவிர, அவர் சுட்டிய தப்பு தப்பில்லை என்று ஆகாது. மருமகள் உடைத்ததும் குடம்தான். கருத்தை மாற்றிக்கொண்டு, மாற்றினேன் என்று சொன்னவரையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சொல்லாமல் மாற்றி, நேற்றையதை மறுப்பவரைச் சேர்க்கலாம்.

வேறுபாடெல்லாம் இரட்டை அளவுகோல் ஆகாது. சிறுவர் செய்த குற்றத்தைப் பெரியவர் குற்றம்போல் விசாரிப்பதில்லை; வயது என்ற காரணம் செயலோடு ஒட்டியது. சட்டத்தின் முன் சமத்துவம் தரும் அரசமைப்பின் 14ஆவது பிரிவுக்கு நீதிமன்றங்கள் 1950களிலேயே இரண்டு நிபந்தனை வைத்தன: பிரிப்பதற்குத் தெளிவான அடையாளம் இருக்க வேண்டும், அந்தப் பிரிவினைக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். இட ஒதுக்கீட்டில் கட்-ஆஃப் வேறுபடுவதை இரட்டை அளவுகோல் என்பவர்கள் தவறுவது இரண்டாவது நிபந்தனையில். சம வாய்ப்பைக் கொண்டுவருவதுதான் நோக்கம் என்றால், வாய்ப்பு மறுக்கப்பட்டவரையும் மறுக்கப்படாதவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது அந்த நோக்கத்துக்கு எதிரானது. 1975இல் கேரள அரசுக்கும் என்.எம். தாமஸுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட ஒதுக்கீட்டைச் சமத்துவத்துக்கு விலக்காகப் பார்க்காமல் அதன் ஒரு வடிவமாகவே பார்த்தது இதனால்தான். 1967 ஜனவரி 1க்கு முன் அணுகுண்டு வெடித்த நாடுகள் வைத்திருக்கலாம், மற்றவர்கள் கூடாது என்ற அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் அடையாளம் தெளிவு. ஆனால் ஒரு தேதி எப்படிப் பொறுப்புணர்வுக்கு அளவாகும் என்பதற்குப் பதிலில்லை. இந்தியா கையெழுத்திட மறுத்ததற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

இரட்டை அளவுகோல் என்று காட்டிவிட்டால் மட்டும் எந்தப் பக்கம் திருத்துவது என்பது தானாகத் தெரிந்துவிடாது. 497ஐ நீக்கி இருவரையும் விடலாம், பெண்ணையும் சேர்த்து இருவரையும் உள்ளே தள்ளவும் செய்யலாம், இரண்டுமே சமம்தான். இலங்கையில் 1979ஆம் ஆண்டு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் ஒன்று பெண்களுக்கு மது விற்பதைத் தடைசெய்திருந்தது. ஆண்கள் தவறணையில், அதாவது மதுக்கடையில், வரிசையில் நிற்கலாம். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை எடுத்தார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். விவாதம் முழுக்கக் குடி நல்லதா கெட்டதா என்று போய்விட்டது. குடி கெட்டது என்றால் அது தவறணையில் நிற்கிறவருக்கும் கெட்டதுதானே என்ற கேள்வி ஓரமாக நின்றது.

தமிழ்நாட்டில் 'இரட்டை' என்ற சொல் கண்ணுக்குத் தெரிகிற பொருளாகவே இருந்த இடம் டீக்கடை. இரட்டைக் குவளை முறையில் படியே இரண்டு: ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், சேரியிலிருந்து வந்தவருக்குத் தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளர் அல்லது கொட்டாங்குச்சி. டீயும் ஒன்று, காசும் ஒன்று. குடித்த பிறகு கண்ணாடி கிளாஸைக் கடைக்காரர் கழுவுவார். தனி டம்ளரைக் குடித்தவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். உணவகப் பாத்திரங்களைத் தீண்டாமையின் பேரில் மறுப்பது 1955 சட்டப்படியே குற்றம். களஆய்வுக்கு வந்தவர்கள் குவளைகளை எண்ணினார்கள், வழக்குகள் வந்தன, பல கடைகளில் தனி டம்ளர் போனது. அந்த இடத்துக்கு பிளாஸ்டிக் கப் வந்தது, பிறகு பேப்பர் கப். கேட்டால் "பார்சலுக்கு", "சுத்தத்துக்கு" என்று பதில். இப்போது கடைக்குள் எத்தனை வகைக் குவளை இருக்கிறது என்று எண்ணினால் ஒன்றும் பிடிபடாது. காலை ஆறரைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். கேட்காமலே பேப்பர் கப் யாருக்குப் போகிறது, அதைக் கையில் கொடுக்கிறார்களா மேசையில் வைக்கிறார்களா, பெஞ்சில் இடம் இருந்தும் நின்றே குடிப்பவர் யார், சில்லறை கைக்கு வருகிறதா டப்பாவின் மேல் வைக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.